ஒன்பது சீட்டு

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் கோவிலம்பாக்கத்தில் எழில் வீட்டு மாடி ஹாலில் கூடுவோம். பத்துப் பேர், சில மாதம் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் பைத்தியம். யாராவது ஒரு பொருளைக் கொண்டு வருவார். மற்றவர்கள் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்வோம். அதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது.

ஹாலின் ஒரு பக்கம் முழுக்க மெல்லிய மல் துணியில் ஒரு திரை தொங்கும். ஒலி அதைத் தாண்டி வந்துவிடும், பார்வை தாண்டாது. திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒன்று எழிலுடைய வெளிநாட்டுச் சிறு பெட்டிகள், எங்கள் எல்லாருடைய காதுக்கும் பழகியவை. மற்றது அன்றைக்கு வந்த விருந்தாளி. 'ஒன்று', 'இரண்டு' என்று மட்டும் சொல்லி மாற்றி மாற்றிப் போடுவோம். கேட்பவர்கள் ஆளுக்கொரு சீட்டில் எது பிடித்தது, ஏன் என்று ஒரே வரியில் எழுத வேண்டும். கடைசிச் சீட்டு விழும்வரை பொருளைக் கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

திரைக்குப் பின்னால் நிற்பது நான். என் பெயர் வேதா. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் சின்ன நிறுவனத்தில் இருபத்தோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பட்டறைகளிலிருந்து பிரஷர் கேஜ் வரும், வெர்னியர் வரும், தராசு வரும். அவை உண்மை சொல்கின்றனவா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். அதனால்தான் இங்கேயும் அளக்கும் வேலை என்னிடம் வந்தது.

எதை அளப்பது என்று சொல்கிறேன். ஒரே ஸ்பீக்கரில் ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவது தடவை ஒலியை ஒரே ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், 'இது சத்தம் அதிகம்' என்று யாரும் சொல்வதில்லை. அவ்வளவு சின்ன வித்தியாசம் சத்தமாக உறைப்பதில்லை. 'இது தெளிவாக இருக்கிறது', 'இதில் உயிர் இருக்கிறது' என்கிறார்கள். காது பொய் சொல்லவில்லை. அதற்குக் காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே இரண்டு ஜோடியும் ஒரே அளவில் ஒலிக்கும்படி வைத்தால்தான் எது நல்லது என்ற கேள்வி நியாயமாகும். மழை இரைச்சல் மாதிரி ஒரு சோதனை ஒலி உண்டு. அதைப் போட்டு, ஆட்கள் உட்காரும் இடத்தில் மீட்டரை வைத்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை வால்யூமைத் திருகுவேன். "வேதா மீட்டர் சொல்லிடுச்சா? அப்ப விடு" என்பது எங்கள் கூட்டத்தில் ஒரு பழமொழி ஆகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன ஜூன் மாதக் கூட்டத்துக்கு அக்தர் வந்தார். படப்பைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். சமையலறை அலமாரிகள் செய்கிற ஷெட் வைத்திருக்கிறார். குட்டி யானை சரக்கு வண்டியில் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை போர்வை சுற்றிக் கொண்டுவந்தார். பதினாலு மாதத்து ஞாயிறுகள் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன. அவர் செய்த முதல் ஜோடி.

"இன்னா எதிர்பாக்குறீங்க?" என்று எழில் கேட்டார்.

"எங்க ஏரியாவுல யாரு கேட்டாலும் சூப்பரு, செமன்றாங்க சார். மச்சான் சூப்பருன்றான், கஸ்டமரு சூப்பருன்றாரு. டீக்கடைல கீற ஸ்பீக்கரையும் அவங்க சூப்பருன்னுதான் சொல்றாங்க. எனக்கு நல்லா கீதுன்னு சொல்ல வேணாம். இன்னா தப்புன்னு சொன்னா போதும்."

பிறகு தயங்கி, "வூட்ல ஒரு பேச்சு ஆயிருச்சு சார். இங்க தேறலைன்னா இதை விட்டுட்டு கிச்சனோட நின்னுக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

"பரவால்ல, தைரியமாத்தான் வந்திருக்கீங்க" என்றார் ஜாஸ்மின். குரோம்பேட்டையில் கீபோர்டு சொல்லிக் கொடுப்பவர். எங்களில் கூர்மையான காது அவருடையது. அதைவிடக் கூர்மை நாக்கு.

நான் வழக்கம்போல எல்லார் எதிரிலும் மீட்டரைச் சோதித்துக் காட்டினேன். மீட்டரின் மூக்கில் ஒரு சின்ன உருளையை மாட்டி அழுத்தினால் அது சரியாகத் தொண்ணூற்று நான்கு டெசிபலில் ஒரு விசில் ஊதும். மீட்டரும் தொண்ணூற்று நான்கு என்று காட்ட வேண்டும். காட்டியது, புள்ளி பூஜ்யம் சுத்தமாக. பிறகு இரண்டு ஜோடியையும் அளந்தேன். அக்தரின் ஜோடி அதிகமாகக் காட்டியது. இரண்டரை டெசிபல் குறைத்து, சமமாக்கி, நோட்டில் எழுதிக் கொண்டேன்.

ஒரு பெண் குரல், ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், ஒரு கிட்டார் என்று நாற்பது நிமிடம் போட்டோம். முடிந்து நான் வெளியே வந்தபோது அக்தர் சுவரோரம் நாற்காலியில் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது சீட்டு விழுந்தது. எழில் பிரித்துப் படித்தார்.

"திரை போட்ட மாதிரி." ("திரைதான் போட்டிருக்கே" என்று யாரோ சொல்ல, சிரிப்பு.) "பாடுகிறவர் பக்கத்து ரூமில் இருக்கிறார்." "குரலில் உயிர் இல்லை." "பாரமாக இருக்கிறது, முகம் இல்லை." ஜாஸ்மினுடைய சீட்டு: "ஜலதோஷம் பிடித்த பெட்டி."

ஒன்பதுமே எழிலின் பெட்டிகளுக்கு. எங்கள் கூட்டத்தில் அதுவரை ஒன்பதுக்கு ஒன்பது வந்ததில்லை.

இப்போது வாய் திறக்கலாம் என்றார் எழில். அக்தர் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்து, அடுக்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடியில கனம் அதிகமா கீதா மேடம்?" என்று ஜாஸ்மினைக் கேட்டார்.

"அப்படித்தான் தோணுது. பேஸ் முன்னாடி வந்து நிக்குது, வாய்ஸ் பின்னாடி போயிடுது. பெட்டி பெருசோ என்னவோ. சாரி, தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்க இன்னா கீது? கேக்கத்தானே வந்தேன்."

டீயோடு வைத்த சமோசாவைத் தொடாமல், பெட்டிகளுக்குப் போர்வையைச் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

பதின்மூன்று நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தரையே அதிர உறுமுகிறது என்று முன்பு ஒருமுறை அளந்துவிட்டு வந்திருந்தேன். அது நாங்கள் கூடிய ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. இப்போது அடியில் ரப்பர் வைத்திருக்கிறோம், மறுபடி அளந்து கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை உண்டு, நகத்தால் தள்ளுகிற அளவுதான். 'ஏ' என்று ஒரு நிலை, 'சி' என்று ஒரு நிலை. உறுமலை அளக்க 'சி' வேண்டும். தள்ளப் போனேன். அது ஏற்கெனவே 'சி'யில் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அது 'சி'யிலேயே இருந்திருக்கிறது.

இதன் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் காது ஆழ்ந்த ஒலிகளுக்குக் கொஞ்சம் மந்தம். குரலுக்குத்தான் கூர்மை. 'ஏ'யில் வைத்தால் மீட்டரும் காதைப் போலவே ஆழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடும். 'சி'யில் வைத்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் அப்படியே கூட்டிச் சொல்லும். சந்தையில் இரண்டு கீரைக்கட்டு வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேர் நறுக்கியது. மற்றது வேரும் மண்ணுமாக இருப்பது. இரண்டையும் அப்படியே தராசில் போட்டு எடையைச் சமமாக்கினால், வேரோடு இருக்கும் கட்டில் கீரை குறைந்துதான் போகும். எழிலின் சிறு பெட்டிக்கு வேர் இல்லை. அக்தரின் பெட்டிக்கு ஆழமான வேர். அந்த ஹாலின் கான்கிரீட் சுவர்கள் அதை இன்னும் பெருக்கிக் காட்டியிருக்கும். நான் வேரையும் சேர்த்து நிறுத்து, அவருடைய கீரையைக் குறைத்துவிட்டேன். அங்கே கீரை என்பது பாடகியின் குரல்.

எல்லார் எதிரிலும் மீட்டரைச் சோதித்தேனே, அப்போது ஏன் தெரியவில்லை? அதைத்தான் நான் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். அந்த உருளை ஊதுகிற விசிலின் சுருதி ஆயிரம் ஹெர்ட்ஸ். அந்த ஒரு இடத்தில் 'ஏ'யும் 'சி'யும் ஒரே எண்ணைக் காட்டும். அப்படித்தான் அவற்றை வகுத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில்தான் பிரிகின்றன. ஆகவே நான் காட்டிய சோதனை உண்மைதான். மீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. அது எந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்தச் சோதனை கேட்கவே இல்லை. விசையை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். சோதனை தெரியாத ஒருவர் பார்த்திருப்பார். எனக்குத் தொண்ணூற்று நான்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பார்க்கத் தோன்றவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதைத்தான் யோசித்தேன். பிறகு அந்த நாற்காலியும், தொடைக்கடியில் வைத்த கைகளும் நினைவுக்கு வந்தன. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாம்பரம் வந்து, முடிச்சூர் வழியாகப் படப்பைக்குப் போனேன்.

ஷெட் வாசலில் அக்தரின் மனைவி ஆஃபியா லாமினேட் தாள்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும், "மீட்டர் அக்காவா? வாங்க. உங்க பேச்சுதான் ரெண்டு வாரமா. உள்ள போங்க, அறுத்துக்கினு கீறாரு" என்றார்.

உள்ளே மரத்தூள் மணம். அக்தர் அறுவை மேசையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால், சுவரோரம், அந்தப் பெட்டிகள் நின்றன. ஒன்று இடுப்பளவு. மற்றது முட்டியளவு.

நான் போய்க் குட்டையானதைத் தொட்டுப் பார்த்தேன்.

"வெட்டிட்டேன்கா. பெட்டி பெருசுன்னாங்கல்ல? உயரம் குறைச்சேன், உள்ள காத்து கொறையும், அடி கனம் கொறையும். ஜோடியில எப்பவும் ஒண்ணைத்தான் முதல்ல வெட்டுவோம். பொருத்திப் பாத்துட்டுத்தான் இன்னொண்ணைத் தொடுவோம். கபோர்டு கதவும் அப்படித்தான். இன்னொண்ணு நாளைக்கு."

"வெட்டினதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்." மரத்தூளைக் கையால் தள்ளினார். "எனக்குப் பிடிக்கல. பழசுதான் நல்லா கீறாப்ல தோணிச்சு. ஆனா ஒம்பது பேரு காது பொய் சொல்லுமா? நம்ம காதுதான் கெட்டுப் போச்சு, மெஷின் சத்தத்துலன்னு விட்டுட்டேன்."

நான் மீட்டரை எடுத்து அறுவை மேசைமேல் வைத்தேன். விசையைக் காட்டினேன். கம்ப்ரஸரிலிருந்து தொடங்கி, விசிலைச் சொல்லி, கீரைக்கட்டைச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் ஒரு கேள்விதான் கேட்டார். "எவ்ளோ குறைஞ்சிருக்கும்?"

"மறுபடி அதே இடத்துல அளந்தாத்தான் தெரியும். ஒன்றரை, ரெண்டு டெசிபல் இருக்கலாம்."

"ரெண்டு." அவர் விசையை நகத்தால் தள்ளிப் பார்த்தார். 'ஏ', 'சி', 'ஏ'. சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆஃபியா சொன்னார்: "அக்கா, நீங்க இவரை ரெண்டு வாரம் தூங்க வுடல. அது தெரியுமா? நான்தான் சொன்னேன், வுட்டுத் தொலைங்கன்னு. இவரு செஞ்சது தப்புன்னு நானும் நம்பிட்டேன். கட்டிக்கினவளே நம்பிட்டேன்."

"ஆஃபியா, வுடு."

"வுட்டாச்சு. டீ போடுறேன்." போகும்போது திரும்பி, "சக்கரை எவ்வளவு போடணும்னு அளந்து சொல்லுங்க" என்றார். அது சிரிக்கச் சொன்னதல்ல. நானும் சிரிக்கவில்லை.

"மன்னிச்சிடுங்க தம்பி" என்றேன். "நாளைக்கு மத்ததை வெட்டாதீங்க."

"எப்டிக்கா வெட்டுவேன்?"

"வெட்டினதுக்கு இன்னொரு பெட்டி செய்யறதுன்னா மரத்துக்கு நான்—"

"மரம் கீது. மரத்துக்கா நான் வந்தேன்?" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "கேக்கத்தான் வந்தேன். இன்னும் யாரும் அதைக் கேக்கல. அதை செஞ்சு குடுங்க."

அன்று மாலை எங்கள் வாட்ஸாப் குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். முதலில் ஜாஸ்மின் எழுதினார்: "அப்போ நான் எழுதின ஜலதோஷம் யாருக்கு?" "எனக்குத்தான்" என்று பதில் போட்டேன். எழில், "அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி கேட்போம். ஆனால் ஜோடி இல்லையே?" என்று கேட்டிருந்தார்.

ஜோடி தேவையில்லை என்று நான் எழுதினேன். இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒலி இடம் வலமாக விரிந்து, அறைக்குள் ஒரு மேடை கட்டிவிடுகிறது. அந்த அழகில் காது மயங்கிக் குறைகளைத் தவறவிடும். ஒற்றைப் பெட்டிக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. எழிலின் பெட்டியிலும் ஒன்று, அக்தரின் வெட்டாத பெட்டி ஒன்று. ஒற்றைக்கு ஒற்றை. வெட்டாமல் மிஞ்சியது ஒரு பெட்டிதான். நல்லவேளையாக நியாயமாகக் கேட்க ஒன்று போதும்.

ஜூலை இரண்டாம் ஞாயிறு அக்தர் ஒரே ஒரு போர்வைச் சுற்றலோடு வந்தார். இந்த முறை ஆஃபியாவும் வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

விசில் சோதனையைச் செய்தேன். பிறகு மீட்டரை ஜாஸ்மினிடம் நீட்டி, விசை எங்கே இருக்கிறது என்று உரக்கப் படிக்கச் சொன்னேன். "ஏ" என்றார். எழிலிடம் கொடுத்தார். "ஏ" என்றார் எழில். "எனக்கும் காட்டுங்க" என்று ஆஃபியா எழுந்து வந்து கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "'ஏ'தான்" என்று சொல்லித் தந்தார். அன்றிலிருந்து அது எங்கள் முறையில் ஒன்றாகிவிட்டது: அளப்பவள் தன் விசையைத் தானே படிக்கக் கூடாது.

சோதனை ஒலியைப் போட்டேன். அக்தரின் பெட்டியைச் சமமாக்க அரை டெசிபல் குறைத்தால் போதுமாக இருந்தது. போன முறை நான் குறைத்தது இரண்டரை. இரண்டு டெசிபலை அவரிடமிருந்து எடுத்திருக்கிறேன். நோட்டில் பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதினேன்.

அதே பாட்டுகள், அதே வரிசை. பெண் குரல் தொடங்கியதும் முன்வரிசையில் சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்தது துணி வழியாக நிழலாகத் தெரிந்தது. ஒலிப்பது யாருடைய பெட்டி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது அக்தருடையது.

ஒன்பது சீட்டு. எழில் படித்தார். "குரல் எதிரில் நிற்கிறது." "மூச்சு வாங்குவது கேட்கிறது." பிறகு எழிலின் பெட்டிக்கு இரண்டு சீட்டு. பிறகு அக்தருக்கு ஒன்று. கடைசியில் நான்கு அக்தருக்கு, ஐந்து எழிலுக்கு.

யாரும் கைதட்டவில்லை. எங்கள் கூட்டத்தில் அந்த வழக்கம் இல்லை. நான் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அக்தரைப் பார்த்தேன். ஜெயித்துவிடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். அப்படி ஜெயித்தால் என் தப்பு கொஞ்சம் அழியும் என்று. அது நடக்கவில்லை.

அவர் எண்ணிக்கையைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "அந்த அஞ்சையும் படிங்க சார். மறுபடி" என்றார்.

எழில் படித்தார். ஐந்து சீட்டும் வேறு வேறு கையெழுத்து, ஏறக்குறைய ஒரே விஷயம். "தவில் அடி நின்ற பிறகும் ஒரு முனகல் நிற்கவில்லை." "தவிலில் ஏதோ கூட அதிர்கிறது." ஜாஸ்மினுடையது: "குரல் எனக்கு இதில்தான் பிடித்தது. ஆனால் தவிலுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்."

அக்தர் எழுந்து திரைக்குப் பின்னால் போனார். பெட்டியின் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டினார். கெட்டியாக, சுருக்கமாக ஒரு சத்தம். மேல் பலகை, அதே. பின் பலகையைத் தட்டினார். டொம்ம் என்று நீண்டது. மறுபடி தட்டி, காதைப் பலகையோடு ஒட்டிவைத்துக் கேட்டார்.

"ஒம்பது எம்எம்மு" என்றார். "சுத்தியும் பதினெட்டு போட்டேன், பின்னால ஒம்பதுதான் போட்டேன். கபோர்டுக்குப் பின்பலகை மெல்லிசாத்தான் போடுவோம்கா. செவுத்துப் பக்கம் யாரு பாக்கப் போறான்? கை அப்டியே பழகிப் போச்சு. யோசிக்கவே இல்ல."

"அப்ப தப்பு நிஜமாவே உங்களோடதுதான்" என்றார் ஜாஸ்மின்.

"என்னோடதுதான் மேடம்." அவர் முகத்தில் அப்போது தெரிந்ததை மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன். வெகுநேரம் தேடிய சாவி சொந்தப் பையிலேயே இருந்ததைக் கண்டவரின் முகம் அப்படி இருக்கும். "எங்க கை வைக்கணும்னு தெரிஞ்சா போதும். பதினெட்டு போட்டு, உள்ள குறுக்க ஒரு கட்டை."

"அப்போ வெட்டினது?" என்று கடைசி வரிசையிலிருந்து ஆஃபியா கேட்டார்.

"அதை உனக்கு மசாலா டப்பா வைக்க அலமாரியா அடிச்சுத் தர்றேன்."

"பின்பலகை கெட்டியாப் போடுங்க" என்றார் ஆஃபியா. அந்த ஹாலில் அன்றைக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. பிறகு அவரே, கொஞ்சம் தணிந்த குரலில், "ஷெட்ல நீங்க ஸ்பீக்கரு செய்ற மூலை அப்டியேதான் கீது. காலி பண்ணல" என்றார்.

எல்லாரும் டீக்கு எழுந்தபோது அக்தர் என்னிடம் வந்தார். புதிய ஒன்பது சீட்டுகளை அடுக்கிச் சட்டைப் பையில் வைத்தார். அதே பையிலிருந்து வேறு ஒரு மடிப்பை எடுத்தார். மடிப்பு ஓரங்கள் தேய்ந்து, மரத்தூள் படிந்திருந்தது. ஜூன் மாதச் சீட்டுகள்.

"இது என்னோடது இல்லக்கா. உங்களோடது" என்று என் கையில் வைத்தார். குரலில் கோபம் இல்லை. ஒரு பட்டறைக்காரர் மாறி வந்த பார்சலைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன். மீட்டர் பெட்டிக்குள், பஞ்சுக்கு அடியில், விசில் உருளை வைக்கும் குழிக்குப் பக்கத்தில் அவற்றுக்குச் சரியாக இடம் இருந்தது.